கிணறு போட்ட மார்க்கு

எனக்கு நல்ல குரல் என்று முதன்முதலில் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் நானே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்ததால், ஊரே சொல்கிறது என்கிற மயக்கம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் பக்கத்தில் ஒரு பழைய மாதா கோயிலில் பங்குச் சாமியாராக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி வருஷங்கள். ஒலிபெருக்கி என்கிற வஸ்து எங்கள் கோயிலுக்குள் இன்னும் நுழையவில்லை. பூசையோ பிரசங்கமோ, கடைசித் தூணோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் வரைக்கும் சாமியார் தன் சொந்தத் தொண்டையால்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதனால் நாலு சாமியார்கள் கூடினால் பேச்சு தொண்டையில்தான் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தன் குரல் தேன், அடுத்தவர் குரல் தகரம். நான் இதில் ஒருபடி மேலே போனவன். கொஞ்சகாலம் லத்தீன் வாத்தியாராக இருந்த தோஷம், எதற்கும் மார்க்குப் போடாமல் இருக்க முடியாது. பாடற்பூசை முடிந்ததும் அறைக்குப் போய், ஒரு சின்ன நோட்டில் அன்றைய என் குரலுக்குப் பத்துக்கு இத்தனை என்று எழுதி வைப்பேன். எட்டுக்குக் கீழே போட்டதாக ஞாபகம் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பத்தே போட்டுவிட்டேன். பிறகு அகங்காரம் பாவமாயிற்றே என்று பயந்து, அதை அடித்து ஒன்பதரை ஆக்கினேன்.

என் குரலுக்கெல்லாம் சிகரம் பெரிய வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையில் ஆண்டவருடைய பாடுகளை, அதாவது அவர் பிடிபட்டுச் சிலுவையில் உயிர்விட்ட கதையை, லத்தீனில் பாடுவோம். மூன்று சாமியார்கள், மூன்று குரல். கதை சொல்கிறவர் நடுக்குரலில் பாடுவார். ஆண்டவர் பேசுகிற இடங்களையெல்லாம் ஒருவர் அடிக்குரலில், நிதானமாகப் பாடுவார். மிச்சம் இருக்கிற அத்தனை பேரையும், பிலாத்து, சீடர் இராயப்பர், அவரை மடக்கிக் கேட்கிற வேலைக்காரி, சேவகர், கூச்சல் போடுகிற கூட்டம் எல்லாவற்றையும், மூன்றாமவர் ஒருவரே உச்சக்குரலில் பாடித் தீர்க்கவேண்டும். அன்றைய சடங்கைப் பீடத்தில் நின்று நடத்துகிறவருக்குத்தான் ஆண்டவருடைய பங்கு என்பது எங்கள் கோயில் வழக்கம். நடத்துகிறவர் யார் என்று தீர்மானிக்கிறவன் பங்குச் சாமியார். ஆகவே ஆண்டவருடைய பங்கு வருஷா வருஷம் எனக்கே வந்தது. நான் தீர்மானித்து, நானே ஏற்றுக்கொண்டு, நானே மார்க்கும் போட்டேன். நான் இருந்த மூன்று ஊர்க் கோயில்களிலும் சேர்த்துப் பதினேழு வருஷம் இது நடந்தது.

எனக்கு அதில் அத்தனை ஆசை ஏன் என்றால், நான் கோபக்காரன். என் இயற்கையான குரல் மெல்லியது, உயரமானது, நன்றாகப் பாயக்கூடியது. வராந்தாவில் நின்று யாரையாவது திட்டினால் தெப்பக்குளத்து மீனுக்கும் கேட்கும். வருஷம் பூராவும் ஜனங்கள் என்னிடம் கேட்பது அந்தக் குரலைத்தான். பெரிய வெள்ளிக்கிழமை அந்த முக்கால் மணி நேரமாவது சாந்தமான ஒரு குரல் என் வாயிலிருந்து வரவேண்டும், அதைக் கேட்டு மற்றதையெல்லாம் அவர்கள் மறந்துவிடவேண்டும் என்று இருந்தது. ஆசை நல்ல ஆசைதான். தொண்டைதான் வேறு.

அடிக்குரல் வருவதற்காக நான் செய்த கூத்துக் கொஞ்சநஞ்சமல்ல. மோவாயை நெஞ்சில் அழுத்துவேன். கழுத்தை அங்கிக்குள் இழுத்துக்கொள்வேன். சுவரம் இறங்க இறங்க நானும் முழங்காலை மடக்கிக் கொஞ்சம் இறங்குவேன். பழகுவதற்கு நான் கண்டுபிடித்த இடம் சாமியார் பங்களாவின் கொல்லைக் கிணறு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் நடமாட்டம் இருக்காது. கிணற்றுக்கட்டையில் வயிற்றை வைத்துக் குனிந்து உள்ளே பாடுவேன். அடேயப்பா, என்ன குரல்! கீழேயிருந்து கனமாக, உருண்டு திரண்டு திரும்பி வரும். அதைக் கேட்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். நிமிர்ந்து வந்து நோட்டில் ஒன்பது போடுவேன். உண்மையில் அந்த மார்க்கு முழுக்கக் கிணற்றுக்குச் சேரவேண்டியது.

எனக்குத் துணையாக ஒரு சின்னச் சாமியார் வந்து சேர்ந்தார். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவு கனமான குரல். வந்த முதல் வாரமே என் நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ‘கனம் உண்டு. உருக்கம் போதாது. ஆறு’ என்று எழுதினேன். அப்போது அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

பாடுகளில் அவருக்கு நான் கொடுத்தது உச்சக்குரல் பங்கு. “நீங்க இளசு, தம்பி. மேலே பாடிப் பழகினாத்தான் தொண்டை திறக்கும்” என்று காரணமும் சொன்னேன். பாவம், மனிதர் தலையாட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வேலைக்காரி பேசுகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, எட்டி எட்டிப் பிடித்தார். அவர் மேலே எட்டாமல் தவித்தார், நான் கீழே எட்டாமல் தவித்தேன். புத்தகத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. இது கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மார்க்குப் போடுகிற எனக்குத்தான் தெரியவில்லை. இரண்டு வருஷம் இப்படி ஓட்டினோம்.

மூன்றாம் வருஷம் தை மாதமே என் தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்றேன். மாசி வந்தும் சளி போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் நடுவில் சத்தம் நின்றுபோயிற்று. வாய் மட்டும் அசைகிறது. ஜனங்கள் கொஞ்சநேரம் பயபக்தியோடு பார்த்தார்கள். அப்புறம் ஒரு இருமல் கிளம்பியது, அது பரவியது. நரகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் இருக்கிற மருந்தெல்லாம் என் வாய்க்குள் வந்தது. மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு, ஆடாதோடைக் கஷாயம். பக்கத்துத் தெரு மளிகைக்கடை பாய் அதிமதுரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு தானே வந்தார். “சாமி, இத ஒரு ஓரமா ஒதுக்கிக்கங்க. இன்ஷா அல்லா மூணே நாள்ல கணீர்னு ஆயிடும். உங்க சத்தம் இல்லாம தெருவே வெறிச்னு இருக்குங்க” என்றார். அதைப் புகழ்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் தொண்டை பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஜட்கா வண்டி பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டிப் போனேன். நாமம் போட்ட ஐயங்கார் டாக்டர். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த இன்னொரு சின்னக் கண்ணாடியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, என் நாக்கைத் துணியால் பிடித்திழுத்து உள்ளே விட்டார். வெகுநேரம் பார்த்தார்.

“ஃபாதர், நீங்க பேசறது ஒரு குரல்னா இருக்கு. பாடறது இன்னொரு குரலோ?” என்றார்.

“பாடறப்போ கொஞ்சம் கனமா இருக்குங்க.”

“கனமா இருக்கா, கனமாப் பண்ணிக்கறேளா?”

கிணற்றைப் பற்றிச் சொன்னேன். மார்க்கைப் பற்றியும், வாய் தவறி, சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கிணத்துல யார் குனிஞ்சாலும் அப்படித்தான் கேக்கும். நான் குனிஞ்சா நானும் அடிக்குரல்காரன்தான். இங்கே கோஷ்டியில பாசுரம் சேவிக்கறவா பாதிப் பேர் எங்கிட்டதான் வரா. ஒவ்வொருத்தரும் தன் குரல்தான் கோஷ்டியையே தூக்கி நிறுத்தறதுன்னு நினைச்சுண்டு கத்தறா. அவா மேலே போய்க் கெடுத்துக்கறா, நீங்க கீழே போய்க் கெடுத்துண்டிருக்கேள். வியாதி ஒண்ணுதான்.”

குரல்நாண்களில் இரண்டு பக்கமும் சின்னதாக முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது. பூசையை மட்டும் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என் சொந்தக் குரலில் பேசலாம், பாடலாம். “ஆனா அந்தக் கீழ்க் குரல் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்கப்படாது. இன்னொரு தரம் அதைப் போட்டு அமுக்கினேள்னா இருக்கறதும் போயிடும். அப்புறம் ஊமைச் சாமியாரை வச்சுண்டு உங்க ஜனங்க என்ன பண்ணுவா?” என்றார்.

பெரிய வெள்ளிக்கு ஐந்தே வாரம் இருந்தது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீங்க போட்டுண்ட மார்க்கு இருக்கட்டும். உங்களை வருஷம் பூரா கேக்கறவா யாராவது இருப்பாளோன்னோ, அவாகிட்ட ஒரு மார்க்கு வாங்கிப் பாருங்கோ. அப்புறம் இஷ்டம்” என்றார்.

மௌனம் ஆரம்பித்தது. பேச்சுக்குப் பதில் சிலேட்டு. கோபக்காரன் கையில் சிலேட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாளே மூன்று குச்சி உடைந்தது. திட்டை எழுதி முடிப்பதற்குள் திட்டவேண்டிய ஆள் போய்விடுவான். பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலப் பிரசங்கங்களைச் சின்னச் சாமியார் செய்தார். சுருக்கமாகச் செய்தார். கூட்டம் அதிகமாக வந்தது. அதற்கு வெயில் குறைவு காரணம் என்று எழுதி வைத்தேன். பங்குனி மாதத் திருச்சியில் வெயில் குறைவு!

மார்க்கு வாங்குவதற்கு எனக்குத் தோன்றிய ஆள் எங்கள் சமையல்காரன். ஐம்பது வயசு, மணப்பாறைக்காரன். சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லி வளர்ந்தவன், அவனுக்கு முகஸ்துதி வராது. வராது என்று தெரிந்தும், என் விஷயத்தில் வந்துவிடும் என்றுதான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பான். பகல் சாப்பாடு வைக்கும்போது சிலேட்டை நீட்டினேன்: ‘பெரிய வெள்ளிக்கிழமை என் பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு?’

“வேணாங்க சாமி. நான் என்னத்தக் கண்டேன்” என்றான்.

‘சொல்’ என்று எழுதினேன்.

“சொன்னா கோவிச்சுக்குவீங்க.”

‘மாட்டேன்’ என்று குச்சி உடைய அழுத்தி எழுதினேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினான். “அன்னிக்கு நானும் ஒருவேளச் சாப்பாட்டோட ஒருசந்தி இருந்துட்டுத்தாங்க கோயிலுக்கு வர்றேன். ஆண்டவரு பட்ட பாட்ட நெனச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடணும்னுதான் வர்றேன். ஆனா நீங்க வாயத் தொறந்தா எனக்கு ஆண்டவரு ஞாபகமே வர மாட்டேங்குது. உங்க ஞாபகந்தான் வருது. இந்தத் தடவ கீழ எட்டுமா, எட்டாதான்னு உங்க கழுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். எட்டிட்டா அப்பாடான்னு இருக்கு. அதுக்குள்ள அங்க அவர செலுவையில அறஞ்சு முடிச்சிர்றாங்க. நான் மட்டும் இல்லீங்க சாமி, எங்க வரிசைல அத்தன பேரும் அப்பிடித்தான்.”

சேசு மரி சூசையே! எனக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று.

“கொழம்பு ஆறுது, சாப்புடுங்க” என்றான் அவன்.

சாப்பிடவில்லை. இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் அவன் சமைத்ததில் உப்பு அதிகம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். இப்படிப்பட்ட நன்றிகெட்ட ஜனங்களுக்காகவா தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன் என்று மனசுக்குள் ஒரு முழுப் பிரசங்கமே ஓடியது. மூன்றாம் நாள் அந்தப் பிரசங்கம் ஓய்ந்தது. அப்போதுதான் வெட்கம் வந்தது. பதினேழு வருஷம், ஒரு கோயில் நிறைய ஜனங்களை ஆண்டவரைப் பார்க்கவிடாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

வெட்கம் வந்ததே தவிரப் புத்தி வரவில்லை. மூன்று வாரம் கழிந்து பேச ஆரம்பித்ததும், தொண்டை சுத்தமாகிவிட்டது போலத் தோன்றியது. ஒரே ஒரு நாள்தானே, டாக்டர் கொஞ்சம் பயமுறுத்துகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய வாரம் செவ்வாய்க்கிழமை, கோயில் அறையில் மூவரும் ஒத்திகைக்கு நின்றோம். கதை சொல்கிறவர் கல்லூரியிலிருந்து வருகிற ஒரு வயதான சாமியார். நான் வழக்கம்போல ஆண்டவருடைய பங்கு இருக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். சின்னச் சாமியார் மற்றதை எடுத்துக்கொண்டார். மோவாயை நெஞ்சில் அழுத்தினேன். மூச்சை இழுத்தேன். எதிரில் ஒரு வரிசை ஜனங்கள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எட்டுமா, எட்டாதா? வாய் திறக்கவில்லை.

“இந்தாங்க, பிடிங்க” என்று புத்தகத்தைச் சின்னச் சாமியாரிடம் நீட்டினேன். நீட்டினேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். வீசினேன்.

“சாமி, வேணாங்க. ஜனங்க உங்களத்தான எதிர்பாப்பாங்க?” என்றார்.

“எதிர்பாப்பாங்க. எட்டுமா எட்டாதான்னு எதிர்பாப்பாங்க. வெள்ளிக்கிழமை பீடத்துல நீங்கதான். உங்க பங்க நான் பாடறேன்” என்றேன். வயதான சாமியார் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். புதன், வியாழன் இரண்டு நாளும் சின்னச் சாமியாருக்கு ஒரு சளி பிடித்தால் என்ன என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன். பகலில் அவர் பானை மோரைச் சில்லென்று குடித்தபோது, வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இதையும் பிறகு இன்னொரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியதாயிற்று. அவருக்குத் தும்மல்கூட வரவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை காலை. பீடத்தில் துணி இல்லை, புனிதர்களின் சுரூபங்கள் துணியால் மூடியிருந்தன. சின்னச் சாமியார் கறுப்பு உடுப்பில் நடுவில் நின்றார். நான் ஓரத்தில், அவருடைய இரண்டு வருஷத்து இடத்தில் நின்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. எனக்கு முகம் எரிந்தது.

ஆண்டவரைப் பிடிக்க வந்த கூட்டம், ‘நசரேனாகிய சேசுவை’ என்று சொல்கிற இடம்தான் என் முதல் வார்த்தை. மோவாயை அழுத்தவில்லை, கழுத்தை இழுக்கவில்லை. சும்மா வாயைத் திறந்தேன். குரல் தானாகக் கிளம்பி, நேரே போய், கடைசித் தூணைத் தொட்டுவிட்டு வந்தது. என்னால் நம்பமுடியவில்லை. ஐம்பது வயசில் எனக்கு ஒரு குரல் இருப்பது தெரிந்தது. வேலைக்காரியாகக் கேட்டேன். இராயப்பராக ‘நான் இல்லை’ என்று மறுதலித்தேன். பிலாத்தாக விசாரித்தேன். ஒன்றைவிட ஒன்று சுலபமாக வந்தது. ‘அவனைச் சிலுவையில் அறையும், சிலுவையில் அறையும்’ என்று கூட்டம் கத்துகிற இடம் வந்ததே, அங்கே வராந்தாவில் நின்று திட்டுகிற என் முழுக்குரலையும் எடுத்து வீசினேன். விதானம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. என் ஆயுசில் நான் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போடுகிற வரியோடு என் பங்கு முடிந்தது. பாட இனி ஒன்றும் இல்லாததால், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகச் சும்மா நின்று கேட்டேன். ஆண்டவர் சிலுவையிலிருந்து தம் தாயாரிடம் பேசினார். கதை சொல்கிறவர் ஒரு வரி பாடி நிறுத்தினார். பிறகு அடியிலிருந்து, எந்தச் சிரமமும் இல்லாமல், மிகவும் களைத்த ஒரு குரல் வந்தது. “தாகமாயிருக்கிறேன்.”

லத்தீனில் அது ஒரே வார்த்தை. பதினேழு தடவை அதை நான் பாடியிருக்கிறேன். முதல் எழுத்தில் எவ்வளவு இறங்கவேண்டும், எங்கே மூச்சை மிச்சம் பிடிக்கவேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு மனிதருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு கொண்டு வந்துவிடலாம் என்று என் கால் ஓரடி எடுத்தே வைத்துவிட்டது. அப்புறம்தான், சற்றுமுன் அந்தக் கத்துக் கத்தினவன் நான் என்பது ஞாபகம் வந்தது. புத்தகத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க அழுதேன்.